வான்கோழிக்குத் தீனி போடாதீங்க... மரம் நடுங்க! காட்டு வான்கோழியைத் தோட்டத்துக்கு வரவழைப்பது எப்படி?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் ஓக்லாண்ட் என்றொரு நகரம். அங்கே மோர்காம் ரோஜாத் தோட்டம் என்ற பொதுப் பூங்காவில் ஓர் ஆண் காட்டு வான்கோழி நீண்ட நாளாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஊர்க்காரர்கள் அதற்கு ஜெரால்டு என்று பெயரே வைத்துவிட்டார்கள். வருபவர்கள் ஆசையாகத் தீனி போடுவார்கள், போட்டோ எடுப்பார்கள், போவார்கள்.

2020-ல் கதை மாறியது. ஜெரால்டு பூங்காவுக்கு வருபவர்களை விரட்டி விரட்டிக் கொத்த ஆரம்பித்தது. புகார்கள் குவிந்தன. பூங்காவையே சில காலம் மூடவேண்டியதாகிவிட்டது. கொல்வதற்கு அனுமதி வாங்கும் அளவுக்கு விஷயம் போனது. 'ஜெரால்டைக் காப்பாற்றுங்கள்' என்று ஆயிரக்கணக்கானவர்கள் இணையத்தில் கையெழுத்திட்டார்கள். கடைசியில் வனவிலங்கு மீட்பாளர் ஒருவர் தீனியைக் காட்டியே அதைப் பிடித்து, ஊருக்கு வெளியே மலைப்பகுதியில் கொண்டுபோய் விட்டார்.

இத்தனைக்கும் காரணம் என்ன? மனிதர்கள் கையால் போட்ட தீனிதான் முக்கியக் காரணம் என்றார்கள் அதிகாரிகள். அன்பாகத்தான் போட்டார்கள். ஆனால், அந்த அன்புதான் அதன் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது.

அமெரிக்கப் புறநகர்களில் வீடு வாங்கிய பலருக்கும் இன்று காட்டு வான்கோழி பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. அதைத் தோட்டத்துக்கு வரவழைக்க ஆசைப்படுபவர்களும் நிறைய. வரவழைக்கலாமா? தாராளமாக. ஆனால், எப்படி வரவழைக்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

பண்ணை வான்கோழி வேறு... காட்டு வான்கோழி வேறு!

நமக்கு வான்கோழி என்றாலே மயிலைப் பார்த்து ஆடப்போய் அவமானப்பட்ட பறவைதான். மூதுரை அப்படிப் பழக்கிவிட்டது. உண்மையில் வட அமெரிக்கக் காட்டு வான்கோழி யாரையும் காப்பியடிக்கத் தேவையில்லாத ஆட்டக்காரர். வசந்த காலம் வந்தால் சேவல் தோகையை விசிறி போல விரித்து, இறக்கைகள் தரையில் உரச நடக்கும். முடியில்லாத தலை சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மனநிலைக்கு ஏற்ப நிறம் மாறும். அது போடும் 'கொபுள் கொபுள்' சத்தம் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளிக்கூடக் கேட்கும்.

பண்ணையில் வளரும் வெள்ளை வான்கோழிக்கு உடல் கனம் அதிகம். அதனால் சரியாகப் பறக்க முடியாது. காட்டு வான்கோழி அப்படியல்ல. வளர்ந்த சேவல் 5 முதல் 11 கிலோ வரை இருக்கும். பெட்டை அதில் பாதிதான். ஓடினால் மணிக்கு 40 கிலோமீட்டர். பறந்தால், குறைந்த தூரத்துக்கு என்றாலும், மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டும். பகல் முழுக்கத் தரையில் மேயும் இந்தப் பறவை, இருட்டியதும் உயரமான மரத்தில் ஏறி அடைந்துவிடும். இரவில் கண் சரியாகத் தெரியாது என்பதால் கீழே தூங்கினால் நரிக்கும் கொயோட்டிக்கும் இரையாகிவிடும்.

இதன் பெயரிலும் ஒரு சுவாரஸ்யம் உண்டு. இது அமெரிக்கப் பறவை. ஆனால், ஆங்கிலத்தில் பெயர் 'டர்க்கி', அதாவது துருக்கி. துருக்கிக்காரர்களோ இதை 'ஹிந்தி' என்கிறார்கள், அதாவது இந்தியப் பறவை. பிரெஞ்சுக்காரர்களும் இந்தியாவைத்தான் கைகாட்டுகிறார்கள். போர்ச்சுகீசிய மொழியில் இதன் பெயர் 'பெரு'. சொந்த ஊரை மட்டும் யாரும் சொல்லவில்லை! மெக்சிகோவில் மனிதர்கள் வளர்க்கத் தொடங்கிய இந்தப் பறவை, 16-ம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போனது. 1612-ல் கோவா வழியாக மொகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் அரண்மனைக்கும் வந்து சேர்ந்தது. அரசவை ஓவியர் மன்சூர் அதை வரைந்த ஓவியம் இன்றும் லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

காணாமல் போன பறவை திரும்பி வந்தது எப்படி?

இன்று தெருவில் டிராஃபிக்கை நிறுத்திவிட்டு நடக்கும் இதே பறவை, நூறு வருஷத்துக்கு முன்பு ஏறக்குறைய அழிந்தே போயிருந்தது. இந்தக் கதையைத் தெரிந்துகொண்டால்தான் தோட்டத்தில் என்ன செய்யவேண்டும் என்பது புரியும்.

ஐரோப்பியர்கள் குடியேறியபோது கிழக்கு அமெரிக்கா முழுக்கக் காடு. காட்டை அழித்து விளைநிலம் ஆக்கினார்கள். கட்டுப்பாடே இல்லாமல் வேட்டையாடிச் சந்தையில் விற்றார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கடைசிக் காட்டு வான்கோழி 1851-ல் மவுன்ட் டாம் மலையில் கொல்லப்பட்டது. இன்னும் பல மாநிலங்களில் ஒன்றுகூட மிச்சமில்லை. 1930-களில் நாடு முழுவதும் சேர்த்து சுமார் 2 லட்சம் பறவைகளே இருந்ததாகக் கணக்கிடுகிறார்கள்.

பறவையை மீட்கவேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் முதலில் எளிதான வழியைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். பண்ணையில் வான்கோழி வளர்த்துக் காட்டில் விடுவது. மாசசூசெட்ஸில் 1911 முதல் 1967 வரை பலமுறை முயன்றார்கள். ஒவ்வொரு முறையும் தோல்வி. ஏன்? தீனித் தட்டைப் பார்த்து வளர்ந்த குஞ்சுக்கு எதைத் தின்பது, யாரைப் பார்த்து ஓடுவது, எந்த மரத்தில் ஏறுவது என்று எதுவும் தெரியாது. இதையெல்லாம் சொல்லிக்கொடுக்கத் தாயும் இல்லை.

வழி திறந்தது வேறோர் இடத்தில். 1951-ல் தென் கரோலினாவில், நீர்ப்பறவைகளைப் பிடிக்க உருவான ஒரு கருவியை வான்கோழிக்குப் பயன்படுத்திப் பார்த்தார்கள். சிறிய பீரங்கிகள் மூலம் பெரிய வலையைப் பறவைக் கூட்டத்தின் மேல் வீசும் கருவி அது. இப்படிப் பிடித்த உண்மையான காட்டுப் பறவைகளைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோய், காடு மீண்டும் வளர்ந்திருந்த இடங்களில் விட்டார்கள். அவ்வளவுதான். மீதியைப் பறவைகளே பார்த்துக்கொண்டன.

மாசசூசெட்ஸில் 1972-73-ல் நியூயார்க்கிலிருந்து கொண்டுவந்து விட்டவை வெறும் 37 பறவைகள். இன்று அந்த மாநிலத்தில் 25 ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. நியூஜெர்சியில் 1977-ல் விட்டது 22 பறவைகள். இன்று அங்கே மாநிலம் முழுக்கப் பரவிவிட்டன. அலாஸ்கா தவிர அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் இப்போது காட்டு வான்கோழி உண்டு. மொத்தம் 60 லட்சத்துக்கும் மேல் இருக்கும் என்பது மதிப்பீடு.

இதற்கான செலவில் பெரும்பங்கு வேட்டைக்காரர்களுடையது. 1937-ல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டம், துப்பாக்கி, தோட்டாக்கள் மீதான வரியை வனவிலங்குப் பணிக்குத் திருப்பிவிட்டது. அழித்ததும் துப்பாக்கி, மீட்கப் பணம் தந்ததும் துப்பாக்கி!

இதில் கவனிக்கவேண்டிய பாடம் ஒன்றுதான். கையில் தீனி கொடுத்து வளர்த்தவை பிழைக்கவில்லை. காட்டுக் குணத்தோடு, வாழத் தகுந்த இடத்தில் விடப்பட்டவை பிழைத்தன. வீட்டுத் தோட்டத்துக்கும் இதே கணக்குதான்.

வருஷம் முழுக்க அதற்கு என்ன வேண்டும்?

ஒரு வான்கோழிக் கூட்டம் சில நூறு ஏக்கரிலிருந்து ஆயிரம் ஏக்கருக்கு மேல்கூடச் சுற்றி வரும். கால் ஏக்கர், அரை ஏக்கர் தோட்டம் அதற்கு வீடு ஆகாது. போகிற வழியில் நின்று சாப்பிட்டுவிட்டுப் போகும் மெஸ் மாதிரிதான். எனவே, பக்கத்தில் கொஞ்சமாவது மரக்கூட்டமோ காட்டுத் துண்டோ இருந்தால்தான் வான்கோழி வரும். நகரத்தின் நடுவே, நாலு பக்கமும் சாலை உள்ள வீட்டில் என்ன நட்டாலும் வருவது சந்தேகம்தான்.

மார்ச் முதல் மே வரை இணை சேரும் காலம். பெட்டை தரையில், புதர் அடியிலோ உயரமான புல்லுக்குள்ளோ சின்னக் குழி பறித்து 10 முதல் 12 முட்டைகள் இடும். 28 நாள் அடைகாக்கும். சேவலுக்கு இதில் எந்த வேலையும் இல்லை. ஆட்டத்தோடு அதன் கடமை முடிந்தது.

பொரித்த குஞ்சு ஓரிரு நாளில் தாயோடு கிளம்பிவிடும். ஆனால், முதல் இரண்டு வாரம் அதற்குப் பறக்கத் தெரியாது. இரவில் தரையில் தாயின் இறக்கைக்கு அடியில்தான் தூக்கம். குஞ்சுகள் அதிகம் சாவதும் இந்த இரண்டு வாரத்தில்தான். மழையில் நனைந்து குளிரில் சாகும். ரக்கூன், நரி, பருந்து, வீட்டுப் பூனை என்று எதிரிகளும் ஏராளம்.

இந்தப் பருவத்தில் குஞ்சின் சாப்பாடு தானியம் அல்ல, பூச்சி. வெட்டுக்கிளி, வண்டு, புழு. வேகமாக வளரத் தேவையான புரதம் அதில்தான் இருக்கிறது. இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். வான்கோழி வரவேண்டும் என்று மக்காச்சோளம் வாங்கிக் கொட்டுபவர், அதே தோட்டத்தில் பூச்சிமருந்தும் அடிப்பார். பெரிய பறவைக்கு ஸ்நாக்ஸ், குஞ்சுக்குப் பட்டினி!

இலையுதிர் காலமும் குளிர்காலமும் கொட்டைகளின் காலம். ஏகார்ன் எனப்படும் ஓக் கொட்டை, பீச், ஹிக்கரி கொட்டைகளை வான்கோழி முழுசாகவே விழுங்கும். அதன் அரைவைப்பை, கூடவே விழுங்கிய சின்னக் கற்களின் உதவியோடு அவற்றை நொறுக்கிவிடும். பனி மூடினாலும் சருகைக் காலால் கிளறிச் சாப்பாட்டைக் கண்டுபிடிக்கும். 'பனியில் பாவம், பட்டினி கிடக்குமே' என்ற இரக்கம் பெரும்பாலும் தேவையில்லாதது.

தோட்டத்தில் செய்யவேண்டிய 7 விஷயங்கள்

அமெரிக்காவின் தேசிய வனவிலங்குக் கூட்டமைப்பு 1973-லிருந்து வீட்டுத் தோட்டங்களுக்கு 'வனவிலங்கு வாழிடம்' என்று சான்றிதழ் கொடுத்து வருகிறது. உணவு, தண்ணீர், மறைவிடம், குஞ்சு வளர்க்க இடம், ரசாயனம் தவிர்த்த பராமரிப்பு. இந்த ஐந்தும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வான்கோழிக்கு ஏற்றபடி அதைப் பிரித்தால் இப்படி வரும்.

1. ஓக் மரம்: ஒரே ஒரு மரம்தான் நட முடியும் என்றால் அது அந்தப் பகுதிக்கே உரிய ஓக் ஆக இருக்கட்டும். வெள்ளை ஓக்கின் கொட்டையில் துவர்ப்பு குறைவு, விலங்குகளுக்குப் பிடிக்கும். காய்க்க இருபது வருஷத்துக்கு மேல்கூட ஆகலாம். 'அதுவரை என்ன பயன்?' என்று கேட்கலாம். ஓக் கொடுப்பது கொட்டை மட்டுமல்ல. டெலவேர் பல்கலைக்கழகப் பூச்சியியல் பேராசிரியர் டக் டாலமி இதைப் பல வருஷங்களாகச் சொல்லி வருகிறார். கிழக்கு அமெரிக்காவின் உள்ளூர் ஓக் மரங்கள் 500-க்கும் மேற்பட்ட வகை அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சிப் புழுக்களுக்கு உணவு. அதாவது, நட்ட சில வருஷங்களிலேயே மரம் பறவைகளுக்குச் சோறு போட ஆரம்பித்துவிடும். ஏற்கெனவே வீட்டில் பெரிய ஓக் இருந்தால் வெட்டாமல் விடுங்கள். அதுவே பெரிய சேவை.

2. பழப் புதர்கள்: டாக்வுட், சர்வீஸ்பெரி, வைபர்னம், சுமாக் போன்ற உள்ளூர் வகைகள் மூன்று, நான்கு வருஷத்தில் பழம் தர ஆரம்பிக்கும். கோடையில் பழுப்பது, இலையுதிர் காலத்தில் பழுப்பது, குளிர்காலம் வரை கொம்பிலேயே நிற்பது என்று கலந்து நட்டால் வருஷத்தின் பெரும்பகுதிக்குச் சாப்பாடு தயார்.

3. வெட்டாத புல்: அமெரிக்கப் புறநகரின் அடையாளமே கம்பளம் போல வெட்டிய லான். வான்கோழிக்கு அதனால் பெரிய பயனில்லை. ஓர் ஓரத்தை மட்டுமாவது உள்ளூர்ப் புல்லும் காட்டுப்பூக்களும் வளர விடுங்கள். பூச்சியும் விதையும் அங்கே தானாக வரும். பெட்டை முட்டையிட இடமும் கிடைக்கும். அந்த ஓரத்தைக் கோடை முடியும்வரை வெட்டவேண்டாம். அடைகாக்கும் பெட்டை கடைசி நொடி வரை அசையாமல் உட்கார்ந்திருக்கும். புல்வெட்டும் இயந்திரத்தில் சிக்கும் ஆபத்து அதனால்தான்.

4. சருகு: இலையுதிர் காலத்தில் ப்ளோயர் போட்டுச் சருகை ஊதித் தள்ளி, பையில் கட்டித் தெருவில் வைப்பது வழக்கம். மரத்தடியில் மட்டும் விட்டுவிடுங்கள். சருகுக்கு அடியில்தான் பூச்சி, நத்தை, கொட்டை எல்லாம். வான்கோழி காலால் சீய்த்துத் தேடுவது அங்கேதான்.

5. மண் குளியல்: கோழிபோலவே வான்கோழிக்கும் மண் குளியல் அவசியம். பேன், உண்ணித் தொல்லையைக் குறைக்க உலர்ந்த மண்ணில் படுத்துப் புரளும். வெயில் படும் இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்குப் புல் இல்லாத, பொடி மண்ணாக ஓரிடம் இருந்தால் போதும். பைசா செலவில்லை.

6. தண்ணீர்: கம்பத்தின் மேல் வைக்கும் தொட்டியைவிடத் தரையோடு தரையாக, ஆழமில்லாத தட்டு நல்லது. குஞ்சு மூழ்காமல் இருக்க உள்ளே சில கற்களைப் போடுங்கள். அடிக்கடி கழுவித் தண்ணீர் மாற்றுங்கள்.

7. பூச்சிமருந்துக்கு 'நோ', பூனைக்கு வீட்டுக்குள் இடம்: மருந்து அடித்த தோட்டத்தில் குஞ்சுக்குச் சாப்பாடு இல்லை. சுற்றித் திரியும் பூனையும் கயிறு இல்லாத நாயும் இருக்கும் தோட்டத்தில் பெட்டை தங்காது.

கூடவே ஒரு விஷயம். பெரிய, படர்ந்த கிளைகள் உள்ள மரங்கள் இரவில் அடைய வேண்டும். காலையில் முற்றத்தில் எச்சம் கிடந்தால், மேலே விருந்தாளி தங்கிவிட்டுப் போயிருக்கிறார் என்று அர்த்தம்.

'ஒரு கைப்பிடி சோளம் போட்டா என்ன ஆகிடும்?'

காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுச் சாப்பிடும் வீட்டிலிருந்து போனவர்களுக்கு இந்த இடம்தான் கஷ்டம். பிள்ளையைப் பார்க்க ஊரிலிருந்து போயிருக்கும் அம்மா, மிச்சமான சாதத்தை பின்கட்டில் வைப்பது இயல்பு. 'வாயில்லா ஜீவன், ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போகட்டுமே' என்ற மனசு. மாநில வனவிலங்குத் துறைகளோ ஒரே குரலில் 'போடாதீர்கள்' என்கின்றன. காரணங்கள் மூன்று.

முதலாவது, அதிகார வரிசை. வான்கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம், யார் யாருக்கு வழிவிடவேண்டும் என்று கறாரான வரிசை உண்டு. மனிதர் மீதான பயம் போய்விட்டால், மனிதரையும் அந்த வரிசையில் சேர்த்துவிடும். யார் பயந்து ஒதுங்குகிறாரோ அவர் தனக்குக் கீழே. குழந்தைகள், முதியவர்கள், தபால்காரர் என்று துரத்துவது இப்படித்தான் ஆரம்பிக்கிறது. பாஸ்டனை ஒட்டிய புறநகர்களில் இது வருஷா வருஷம் வரும் புகார். 2022-ல் வாஷிங்டனில் அனகோஸ்டியா ஆற்றங்கரைப் பாதையில் ஒரு சேவல், நடந்து போனவர்களையும் சைக்கிளில் போனவர்களையும் தாக்கியது செய்தியானது.

இப்படிப் பழகிப்போன பறவையை வேறு காட்டில் விட்டால் தீர்ந்ததா? பல மாநிலங்களில் அதற்கு அனுமதியே கிடையாது. கொண்டுபோய் விட்ட இடத்திலும் அது மனிதர்களைத்தான் தேடும். வேறு வழியில்லாதபோது கொல்லவே நேர்கிறது. ஜெரால்டுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் எல்லாப் பறவைக்கும் கிடைப்பதில்லை.

இரண்டாவது, நோய். ஒரே இடத்தில் தினமும் கூட்டம் கூடினால், எச்சமும் தீனியும் கலந்து கிருமி பரவும். தீனியில் பூஞ்சை பிடித்தால் ஆபத்து இன்னும் பெரியது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பண்ணை வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. தேடிப் பார்த்ததில், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் இருந்த பூஞ்சை நஞ்சுதான் காரணம் என்று தெரிந்தது. அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உலகம் கண்டுபிடித்ததே அந்தச் சாவுகளால்தான். ஈரத்தில் கிடக்கும் மக்காச்சோளத்திலும் கடலையிலும் வளர்வது இதே பூஞ்சை. இந்த நஞ்சு வான்கோழியை மிக எளிதில் வீழ்த்திவிடும்.

மூன்றாவது, எதிரிகள். தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் பறவைகள் கூடும் என்று கொயோட்டிக்கும் தெரிந்துவிடும். சிந்திய தீனிக்கு வரும் ரக்கூன், பக்கத்தில் இருக்கும் வான்கோழிக் கூட்டையும் மோப்பம் பிடித்துவிடும். ரக்கூனுக்கு முட்டை என்றால் உயிர்.

மரத்துக்கும் தட்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ஓக் மரத்தடியில் சாப்பிடும் வான்கோழிக்கு மரம்தான் தெரியும், வீட்டுக்காரரைத் தெரியாது. தட்டில் சாப்பிடும் வான்கோழிக்கு வீட்டுக்காரரின் கைதான் தெரியும். மற்ற சின்னப் பறவைகளுக்கு விதைத் தட்டு தொங்கவிட்டிருந்தால் கீழே சிந்துவதை அன்றன்றே கூட்டிவிடுங்கள். வான்கோழி அதையே நம்பி வர ஆரம்பித்தால் தட்டைக் கொஞ்ச நாளைக்கு எடுத்துவிடுவது நல்லது.

வந்தாச்சு... முறைக்குது! இப்போ என்ன செய்ய?

ஓடக்கூடாது. இதுதான் முதல் விதி. ஓடினால் அதிகார வரிசையில் நீங்கள் கீழே என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். நிமிர்ந்து நில்லுங்கள். சத்தம் போடுங்கள், கையைத் தட்டுங்கள், குடையைச் சட்டென்று விரியுங்கள். ஹோஸ் பைப்பால் தண்ணீர் பீய்ச்சினால் பெரும்பாலும் கிளம்பிவிடும். வீட்டில் ஒருவர் விரட்ட, இன்னொருவர் பிஸ்கட் போட்டால் பலன் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரிடமும் பேசிவிடுங்கள்.

இணை சேரும் காலத்தில் கார் கதவையோ கண்ணாடி ஜன்னலையோ சேவல் கொத்திக்கொண்டே இருக்கிறதா? உங்கள் மேல் கோபமில்லை. அதில் தெரியும் தன் பிம்பத்தைப் போட்டிச் சேவல் என்று நினைத்துச் சண்டை போடுகிறது. காருக்கு உறை போடுங்கள். ஜன்னலை வெளிப்பக்கம் மறைத்துவிடுங்கள். சண்டை முடிந்துவிடும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காய்கறித் தோட்டத்தை நாசம் செய்யுமா?
விதைத்த பாத்தியைக் கிளறும், தக்காளி, ஸ்ட்ராபெரியைக் கொத்தும். ஆனால், கெட்ட பெயர் அளவுக்கு இல்லை. இந்தியானா மாநில வயல்களில் பர்டூ பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வில், பயிர்ச் சேதத்தின் மிகப் பெரும்பகுதி மான், ரக்கூன் வேலை என்று தெரிந்தது. அவை இரவில் வந்துபோகும். பகலில் அதே வயலில் பூச்சி பொறுக்கும் வான்கோழி கண்ணில் பட, பழி அதன்மேல் விழுகிறது. காய்கறிப் பாத்திக்கு மட்டும் வலை போட்டால் போதும்.

வான்கோழி வந்தால் உண்ணிகள் ஒழியுமாமே?
லைம் நோய் பரப்பும் உண்ணிகளுக்குப் பயந்து இப்படி நம்புகிறவர்கள் உண்டு. வான்கோழி உண்ணியைத் தின்பது நிஜம். ஆனால், அதனால் உண்ணிகளின் எண்ணிக்கை குறைவதாக ஆய்வுகள் காட்டவில்லை. உண்ணிக்குத் தனியாகத்தான் எச்சரிக்கையாக இருக்கவேண்டும்.

குஞ்சு வாங்கி வளர்த்துத் தோட்டத்தில் விடலாமா?
கூடாது. பல மாநிலங்களில் சட்டவிரோதம். சட்டம் அனுமதித்தாலும், அது ஐம்பது வருஷத் தோல்வியை மறுபடியும் செய்து பார்ப்பது மாதிரிதான். பண்ணைப் பறவையின் நோய் காட்டுப் பறவைக்குத் தொற்றும் ஆபத்து வேறு.

வீட்டில் கோழி வளர்க்கிறோம். பிரச்சினையா?
கவனம் தேவை. கோழிகளைப் பெரிதாகப் பாதிக்காத 'பிளாக்ஹெட்' என்ற நோய் வான்கோழியைக் கொன்றுவிடும். கோழியின் குடற்புழு வழியாக மண்ணில் பரவுவது அது. கோழிக் கொட்டகையை வேலி போட்டு அடைத்து வையுங்கள். கோழித் தீனி வெளியே சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லா ஊரிலும் வரவேற்கலாமா?
கிழக்கு மாநிலங்களில் இது மண்ணின் பறவை. கலிஃபோர்னியாவில் அப்படியல்ல. அங்கே இப்போது உள்ளவை, வேட்டைக்காக 20-ம் நூற்றாண்டில் டெக்சாஸ் போன்ற இடங்களிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட பறவைகளின் வாரிசுகள். அங்கே இருப்பவர்கள் வான்கோழிக்கென்று தனியாக எதுவும் செய்யத் தேவையில்லை. உள்ளூர் ஓக், உள்ளூர்ப் புதர் நட்டால் மற்ற பறவைகளுக்கும் பயன். தீனி போடுவதற்குப் பல இடங்களில் அபராதமும் உண்டு. உள்ளூர் விதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஏன் இது முக்கியம்?

60 லட்சம் இருக்கிறதே, இனி என்ன கவலை என்று தோன்றலாம். ஆனால், 2000-களின் தொடக்கத்தில் இருந்த உச்சத்தைவிட எண்ணிக்கை இப்போது குறைவு. குறிப்பாகத் தென்கிழக்கு மாநிலங்களில், ஒரு பெட்டைக்கு எத்தனை குஞ்சு பிழைக்கிறது என்ற கணக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது. வாழிடம் சுருங்குவது, கூடுகளைச் சூறையாடும் விலங்குகள், நோய் என்று பல காரணங்களை ஆய்வாளர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். வளர்ந்த பறவைகள் தெருவில் நிறையத் தெரியும். புல்லுக்குள் சாகும் குஞ்சு யார் கண்ணிலும் படுவதில்லை.

அந்தக் குஞ்சுக்குத் தேவை சோளம் அல்ல. மருந்து அடிக்காத ஒரு துண்டு புல், கொஞ்சம் சருகு, ஒளிந்துகொள்ள ஒரு புதர். வான்கோழி வந்தால் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பாருங்கள், போட்டோ எடுங்கள். கதவைத் திறந்ததும் அது தலையைத் தூக்கிப் பார்த்து, காட்டுப்பக்கம் விறுவிறுவென்று நடந்துவிட்டதா? வருத்தப்படாதீர்கள். உங்கள் தோட்டம் சரியாக வேலை செய்கிறது!